மறைக்குது, தள்ளி நில்லுங்க

பேருந்தில் ஒருவன் எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தான்.

இதெல்லாம் ஒரு விஷயமா என்று தோன்றலாம். ஆனால் பதினோரு வருஷமாக அதே நேரத்துக்கு, அதே பேருந்தில், அதே கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவளுக்கு அது சுருக்கென்று உறைத்தது. "உட்காருங்க, பரவாயில்ல, நான் அடுத்த ஸ்டாப்புல இறங்கிடுவேன்" என்று சொல்லிச் சிரித்தான். நல்ல சிரிப்பு. ஆனால் அந்தச் சிரிப்பு அவள் முகத்துக்கு வந்து சேரவில்லை. இடது தோளுக்கு ஒரு சாண் மேலே, காதுக்குப் பக்கத்தில் எங்கேயோ போய் நின்றது. அவள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

உட்கார்ந்தாள். இரண்டு பேர் உட்காரும் இருக்கை. பக்கத்து இடம் காலி. பேருந்தில் மூச்சுவிட இடமில்லாத கூட்டம். ஆனாலும் அந்த இடத்தை யாரும் நாடவில்லை. கனத்த பையோடு வந்த ஒரு பெண்மணி மட்டும் அப்பாடா என்று உட்காரக் குனிந்தவள், சட்டென்று நிமிர்ந்து, "ஐயோ, சாரிம்மா, கவனிக்கல" என்று அந்தக் காலி இடத்திடம் சொல்லிவிட்டு நகர்ந்துகொண்டாள். இடம் கொடுத்தவன் அடுத்த நிறுத்தத்திலும் இறங்கவில்லை, அதற்கடுத்ததிலும் இறங்கவில்லை. பார்த்துக்கொண்டே வந்தான்.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் வேலை பார்த்தாள். முன்பக்கம் கண்ணாடிக் கதவு, வெளிச்சம், சுவரெல்லாம் பிரேம்கள், சட்டம் போட்ட நிலைக்கண்ணாடிகள். பின்பக்கம் ஓர் அறை. அதில் லென்ஸ் அரைக்கும் இயந்திரம், தண்ணீர்த் தொட்டி, பிரேமைச் சூடாக்கும் ஊதுகுழல், தலைமுடி அளவுக்குச் சின்னச் சின்ன திருகாணிகள் போட்டுவைத்த டப்பாக்கள். அந்த அறைதான் அவளுடையது. கடையில் எல்லோருக்கும் அவள் லென்ஸம்மா. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே ஒரு நொடி யோசித்துத்தான் திரும்புவாள்.

துருத்திக்கொண்டிருக்கும் முன்பற்கள். பருக்கள் போகும்போது கன்னத்தில் விட்டுவிட்டுப்போன குழிகள். ஒரு பக்க இமை மட்டும் தூக்கக்கலக்கத்தில் இருப்பதுபோலச் சற்றே தாழ்ந்திருக்கும். அவலட்சணம் என்று யாரும் அவளை முகத்துக்கு நேரே சொன்னதில்லை. சொல்வதற்கு முகத்தைப் பார்க்க வேண்டுமே. பேசும்போது அவள் கையைப் பார்ப்பார்கள், கையிலிருக்கும் பொருளைப் பார்ப்பார்கள், கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

பதினோரு வருஷத்தில் முன்பக்கக் கவுண்டருக்கு நான்கு பெண்கள் வந்து போனார்கள். நான்கு பேருக்கும் தொழில் கற்றுக்கொடுத்தது அவள்தான். எந்த முகத்துக்கு எந்த பிரேம், எந்தப் பவருக்கு எந்த லென்ஸ், கோபமாக வருகிறவரை எப்படி உட்காரவைப்பது என்று எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தாள். நான்காவது பெண் வேலையை விட்டபோது, அவள் துணிந்து முதலாளியிடம் கேட்டுவிட்டாள்.

"சார், கவுண்டர நான் பாத்துக்கறேனே. உள்ள வேலைக்கு ஒரு ஆளப் பழக்கிடலாம்."

முதலாளி கெட்டவர் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். "உன்ன மாதிரி வேலைக்காரி எனக்குக் கிடைக்குமாம்மா? அதனாலதான் சொல்றேன், நீ உள்ளயே இரு. முன்னாடி நிக்கறது... அது வேற மாதிரி வேலை. உனக்கே புரியும்ல?"

"புரியுது சார்."

புரியாமல் என்ன? பள்ளிக்கூட நாடகத்தில் வசனம் முழுதும் மனப்பாடமாகத் தெரிந்த அவளைத் திரை இழுக்க நிறுத்தினார்களே, அன்றைக்கே புரிந்துவிட்டது. அன்று சாயங்காலம் வரை லென்ஸின் ஓரங்களை அரைத்துக்கொண்டே இருந்தாள். பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது. ஒரு லென்ஸைத் தேவைக்குமேல் அரைத்து, சட்டத்தில் நிற்காமல் கீழே விழவைத்தாள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவள் செய்த முதல் தப்பு. 'ஒரே ஒரு தடவை. என்னைப் பார்த்ததும் ஒரு மனுஷன் முகம் மலரணும். ஒரே ஒரு தடவை' என்று வாய்விட்டுச் சொன்னாள். இயந்திரத்தின் இரைச்சலில் அது யார் காதிலும் விழுந்திருக்க முடியாது.

பேருந்தில் அவன் இடம் கொடுத்தது அதற்கு மறுநாள்.

கடைக்குள் நுழைந்ததும் முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்தார். அவளுக்காக அவர் எழுந்து அவள் பார்த்ததில்லை. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "யோசிச்சுப் பாத்தேன்மா. இன்னையிலேருந்து நீயே கவுண்டர்ல நில்லு" என்றார், அவளுடைய இடது தோளுக்கு மேலே பார்த்து.

அன்று நடந்த வியாபாரம் அந்தக் கடை கண்டிராதது. நுழைகிறவர்கள் எல்லாம் நேராக அவளிடம் வந்தார்கள். அவசரம் என்று வந்தவர்கள் அரைமணி நேரம் உட்கார்ந்தார்கள். ஒருவர் வெயிலுக்குப் போடும் கண்ணாடி ஒன்றை வாங்கிக்கொண்டு, வாசல்வரை போய், திரும்பி வந்து இன்னொன்றும் வாங்கினார். அவள் ஓரக்கண்ணால் எல்லா நிலைக்கண்ணாடிகளிலும் தன்னைப் பார்த்துக்கொண்டாள். அதே பற்கள், அதே குழிகள், அதே தூங்கும் இமை. ஒரு மாற்றமும் இல்லை. ஒருவேளை நாம்தான் இத்தனை நாள் தப்பாக நினைத்துவிட்டோமோ, கொஞ்சம் தலைநிமிர்ந்து நின்றிருந்தால் அன்றைக்கே எல்லாம் நடந்திருக்குமோ என்று நினைத்தாள். அப்படி நினைப்பது இதமாக இருந்தது. மத்தியானம் வரை இருந்தது.

மத்தியானம் ஒரு பள்ளி ஆசிரியர் கண்ணாடிக்கு அளவு கொடுக்க வந்தார். இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று சின்ன அளவுகோலை மூக்கின்மேல் வைத்து அளக்க வேண்டும். அதற்கு எதிரே உட்கார்ந்து, முகத்தோடு முகம் நெருங்கி, "என் இடது கண்ணையே பாருங்க" என்று சொல்வாள்.

அவர் பார்த்தார். கண்மணி ஒரு நொடி அவள் கண்ணில் நின்றது. பிறகு ஈரத் தரையில் கால் வழுக்குவதுபோல மெல்ல நழுவி, பக்கவாட்டில் போய் நின்றுகொண்டது.

"என் கண்ணைப் பாருங்க சார்."

"பாத்துட்டுத்தானே இருக்கேன்."

பார்க்கவில்லை. அவள் இன்னும் நெருங்கினாள். அந்தக் கரிய வட்டத்தில், கடையின் ட்யூப்லைட்டுகள் இரண்டு வெள்ளைக் கோடுகளாகத் தெரிந்தன. நடுவில் கடுகளவுக்கு அவளுடைய தலையின் நிழல். அதன் பக்கத்தில், தோளோடு தோள் ஒட்டி, இன்னொரு தலை.

அளவுகோல் கையிலிருந்து விழுந்தது. திரும்பினாள். பிரேம்கள் மாட்டிய சுவர். கண் இல்லாத கண்ணாடிகள் வரிசை வரிசையாக. வேறொன்றும் இல்லை. ஆனால் ஒரு வாசனை இருந்தது. அப்போதுதான் குளித்துவிட்டு ஈரக்கூந்தலோடு யாரோ பக்கத்தில் வந்து நிற்கும் வாசனை.

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும்? கவுண்டர் போகும். திரும்பவும் பின்னறை. கிடைத்ததைக் கெடுத்துக்கொள்வானேன் என்று, கண்மணிகளுக்குள் பார்க்காமல் அளவெடுக்கப் பழகிக்கொண்டாள்.

வீட்டில் அம்மாவும் அவளும் மட்டும்தான். தங்கை அழகி, கல்யாணமாகித் தூரத்து ஊருக்குப் போய்விட்டாள். போகும்போது வீட்டின் வெளிச்சத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டதாக அம்மாவுக்கு நினைப்பு. சாயங்காலம் பெரியவள் வந்தால் அம்மா டிவியிலிருந்து தலையைத் திருப்ப மாட்டாள். "சாப்பாடு மூடி வெச்சிருக்கேன்" என்பதோடு சரி. அன்றைக்கு டிவியை அணைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"என்னடி, இன்னைக்கு முகத்துல இப்படி ஒரு களை!"

கையை நீட்டினாள். கன்னத்தைத் தடவ வருகிறாள் என்று அவளும் சின்னப்பிள்ளைபோல முகத்தைக் காட்டினாள். அம்மாவின் கை அவள் கன்னத்தைத் தாண்டிப் போனது. ஒரு சாண் தள்ளி, காற்றில், மேலும் கீழுமாக மெதுவாகத் தடவியது. அம்மாவின் கண்ணில் தண்ணீர் துளிர்த்திருந்தது. அவள் கன்னத்தில் எந்த ஸ்பரிசமும் இல்லை. ஆனால் காதருகே, தோலில் தோல் உரசும் மெல்லிய சத்தம் கேட்டது.

இரவு படுத்தபிறகு அழுதாள். பயத்தினால் மட்டும் இல்லை. தன்னுடைய முப்பத்தாறு வயதில், பெற்றவள் முதன்முதலாகத் தடவிக்கொடுக்க வந்தாள், அதுவும் தனக்கு இல்லை என்ற எரிச்சலில்.

இரண்டாவது வாரம் அவள் ஒரு சோதனை செய்து பார்த்தாள். ஒருநாள் முழுக்க வாயே திறக்கவில்லை. வந்தவர்கள் கேட்டார்கள், காத்திருந்தார்கள், தலையாட்டினார்கள், சிரித்தார்கள், "நீங்க சொன்னா சரிதான்" என்று வாங்கிக்கொண்டு போனார்கள். வியாபாரம் முந்தைய நாளைவிட நன்றாகவே நடந்தது.

அதற்கு மறுநாள் ஒரு பெரியவர் வந்தார். கண் பார்வை அநேகமாகப் போய்விட்டது. கனத்த லென்ஸ் இல்லாவிட்டால் வெளிச்சம் எது, இருட்டு எது என்று மட்டும்தான் தெரியும். அவர் பழைய கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்கண்ணோடு உட்கார்ந்திருந்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு, தோளுக்கு மேலே பார்க்காத ஒரு மனிதர். அவளுக்கு மனசு இளகிவிட்டது. பேச்சுக் கொடுத்தாள். என்ன பவர், எத்தனை நாளில் கிடைக்கும் என்று விளக்க ஆரம்பித்தாள்.

பெரியவர் முகத்தைச் சுளித்தார். கையை உயர்த்தினார்.

"ஒவ்வொருத்தராப் பேசுங்கம்மா. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசினா எனக்கு எப்படிப் புரியும்?"

அவள் நிறுத்தினாள்.

பெரியவர் இன்னும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "ஆங்... இப்பப் புரியுது. சொல்லுங்க" என்றார், அவள் வாய் மூடியிருக்கும்போதே.

பிரேம் கம்பெனியின் விற்பனையாளர் பதினைந்து நாளைக்கு ஒருமுறை வருவார். பெட்டியைத் திறந்து புது மாதிரிகளைக் காட்டுவார், பாட்டுபோல முனகிக்கொண்டே எடுத்து அடுக்குவார். நல்ல மனிதர். நான்கு வருஷமாக அவர் வரும் நாளில் அவள் கொஞ்சம் நல்ல உடையாகப் பார்த்து உடுத்துவாள். நான்கு வருஷத்தில் அவர் அவளிடம் பேசியது, "முதலாளி இருக்காரா?" என்ற இரண்டு வார்த்தைதான்.

இந்தத் தடவை பெட்டியைத் திறக்கவே இல்லை. கவுண்டரில் இரண்டு கையையும் ஊன்றி நின்றார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"இத்தன நாளா எங்கதான் இருந்தீங்க?"

"இங்கதான். பின்னாடி ரூம்ல" என்றாள் அவள். "நாலு வருஷமாப் பாத்திருக்கீங்களே."

"சேச்சே, பாத்திருந்தா மறப்பேனா?" ஒரு இடைவெளி. எதையோ கேட்டுவிட்டுக் குலுங்கிச் சிரித்தார். "அப்படியா! நீங்க பெரிய ஆளுதான்." மறுபடி இடைவெளி. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சாயங்காலம் ஒரு காபி சாப்பிடலாமா?"

அவள் எதுவும் சொல்லியிருக்கவில்லை. காதுக்கு வெகு பக்கத்தில், ஈரவாசனைக்குள்ளிருந்து, இதழ் பிரியும் சின்னச் சத்தம் கேட்டது.

அவளுக்கு எங்கிருந்துதான் அந்த ஆத்திரம் வந்ததோ. பயமெல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கிவிட்டது. கவுண்டரைத் தாண்டிக் கையை நீட்டி அவருடைய தாடையைப் பிடித்தாள். பலமாக. தன் முகத்துக்கு நேராகத் திருப்பினாள்.

"இங்க பாருங்க. என்னப் பாருங்க! பேசறது நான்!"

தலை திரும்பியது. கண்கள் திரும்பவில்லை. அவை ஓரத்துக்கு ஓடி, வெள்ளை மட்டும் தெரியும்படி ஒட்டிக்கொண்டன. அவள் விடவில்லை. நகங்கள் பதிந்தன. கடைசியில் இரண்டு கண்மணிகளும் நடுங்கிக்கொண்டே வந்து, அவள் முகத்தில் விழுந்தன.

சிரிப்பு அணைந்தது. கோபம் இல்லை, அருவருப்பு இல்லை. வழியில் கிடக்கும் நாற்காலியைப் பார்க்கும் பார்வை.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார், தன்மையாக. "மறைக்குது."

அவள் பின்னறைக்கு ஓடினாள். கதவைச் சாத்தித் தாழ்போட்டாள். அப்பாடா என்றிருந்தது. அந்த அழுக்குச் சுவரும், தண்ணீர்த் தொட்டியும், எண்ணெய்ப் பிசுக்கும் சொந்தமாக இருந்தன. இயந்திரத்தைப் போட்டாள். லென்ஸை வைத்தாள். தண்ணீர் பீய்ச்சியது, வெள்ளைச் சேறு வழிந்தது, கீச்சென்ற அந்தப் பழைய சத்தம் மண்டைக்குள் நிறைந்தது. போதும். கவுண்டரும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். இங்கேயே இருந்துவிடலாம். முதலாளியிடம் சொல்லிவிடலாம்.

மோப்பம் பிடித்தாள். ஈரக்கூந்தல் வாசனை இல்லை.

இயந்திரத்தை நிறுத்தினாள்.

முன்பக்கமிருந்து பேச்சுக்குரல் வந்தது. "வாங்க, உட்காருங்க. இந்த பிரேம் உங்களுக்கு எடுப்பா இருக்கும்."

அவள் குரல். அவளுடைய குரலேதான், ஆனால் எங்கும் தட்டாமல், தயங்காமல், இத்தனை வருஷம் மனசுக்குள் மட்டும் அவள் பேசிவந்த மாதிரி.

கதவில் ஒரு சின்னக் கண்ணாடிச் சதுரம் உண்டு. அதன் வழியாகப் பார்த்தாள். கவுண்டர் முன்னால் நாலைந்து பேர். விற்பனையாளர் போகவில்லை. முதலாளி பக்கத்தில் நின்று பெருமையாகச் சிரித்துக்கொண்டிருந்தார். எல்லா முகமும் ஒரே திசையில். கவுண்டருக்குப் பின்னால் அவளுடைய முக்காலி. யாரும் இல்லை. முக்காலியின் மெத்தை மட்டும் அழுந்தியிருந்தது.

பின்வாசல் வழியாக வெளியே வந்தாள். பேருந்துக்கு நிற்கவில்லை, நடந்தாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. எதிரே வந்தவர்கள் அவள்மேல் மோதிவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார்கள். முன்பெல்லாம் "பாத்துப் போம்மா" என்றாவது சொல்வார்கள். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். நம்பட்டும், நம்பாமல் போகட்டும். மடியில் தலையை வைத்துக்கொண்டு சொல்லிவிட வேண்டும்.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினாள். திறக்கவில்லை. மறுபடி தட்டினாள். உள்ளே விளக்கு எரிந்தது. அம்மாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அம்மா சிரித்து எத்தனை வருஷம்.

பக்கவாட்டுச் சந்தில் இறங்கி, ஜன்னலுக்குப் போனாள். கண்ணாடி சாத்தியிருந்தது.

உள்ளே கட்டிலில் அம்மா. கையில் சீப்பு. முன்னால் யாரும் இல்லை. அம்மா காற்றை வாரிக்கொண்டிருந்தாள். உச்சியிலிருந்து ஆரம்பித்து, நீளமாக, இடுப்புவரை. சிக்கு வந்த இடத்தில் நின்று, இடது கையால் பிடித்துக்கொண்டு, வலிக்காமல் எடுத்தாள். தங்கைக்குக்கூட இவ்வளவு பொறுமையாக வாரியதில்லை.

"அம்மா!" என்று கத்தினாள்.

"என்னடா கண்ணு?" என்றாள் அம்மா. ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. முன்னால் இருந்த காற்றைப் பார்த்துக் கேட்டாள்.

"அம்மா, நான் இங்க இருக்கேன். வெளியில!"

"இங்கதான் இருக்கே, தெரியுது. ஆடாம உக்காரு."

கண்ணாடியை அறைந்தாள். இரண்டு கையாலும். சட்டம் அதிர்ந்தது. அம்மாவின் சீப்பு பாதியில் நின்றது. கட்டில் விரிப்பில் இருந்த பள்ளம் மெல்ல மேலெழுந்து சமமானது. தரையில் ஒரு காலடி. இன்னொன்று. ஈரமான பாதங்கள் பளிங்கில் ஒட்டிப் பிரியும் சத்தம்.

நின்றது.

கண்ணாடிக்கு உட்பக்கம், சரியாக அவள் முகத்துக்கு நேரே, ஓர் உள்ளங்கை அகலத்துக்கு ஆவி படர்ந்தது.

"அங்க என்னடி பாக்கறே?" என்றாள் அம்மா, சீப்பை மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்சலாக. "வெளிய யாரும் இல்ல. வா, பின்னி முடிச்சுடறேன்."

ஆவி மெல்லச் சுருங்கி மறைந்தது. மறுபடி படர்ந்தது. இந்தத் தடவை நடுவில் ஒரு சின்ன இடம் மட்டும் ஆவி படியாமல் தெளிவாக இருந்தது. யாரோ நெற்றியை அதில் அழுத்தி வைத்திருந்தார்கள்.